சித்திக்கு ஜீவனாம்ச வழக்கு: இலவச சட்ட உதவியை நம்பிப் போகலாமா?

முல்லையாறு எழுதியது:

வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்தில் என் சித்தி இருக்கிறார். சித்தப்பா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கென்று போனவர். ஆரம்பத்தில் மாதாமாதம் பணம் வந்தது, அப்புறம் தீபாவளி பொங்கலுக்கு மட்டும், இப்போது இரண்டு வருடமாக ஒரு ரூபாய்கூட இல்லை, போன் நம்பரையும் மாற்றிவிட்டார். அங்கே வேறொரு குடும்பம் இருப்பதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவள் பிளஸ் டூ, சின்னவன் ஏழாவது.

சித்தி ஏலத்தோட்டக் கூலிக்குப் போகிறார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், விடியுமுன் ஜீப் ஏறி மெட்டு கடந்து இடுக்கிப் பக்கம் போனால் திரும்பி வர இருட்டிவிடும். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி போச்சு.

மகளிர் ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். மனு வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள், சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், அவர் வரவில்லை. இனி கோர்ட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். தெரிந்தவர் மூலமாக ஒரு வக்கீலைப் பார்த்தோம். முதலில் 25,000 கட்டுங்கள், பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனி என்றார். அவர் கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் பிழைப்பு. ஆனால் சித்தியிடம் அந்தப் பணம் இல்லை, நான் கொடுக்கிறேன் என்றாலும் வாங்க மறுக்கிறார்.

கோர்ட்டிலேயே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அது எஸ்சி எஸ்டிக்கு மட்டும் என்கிறார் ஒருவர், வருமானச் சான்று வேண்டும் என்கிறார் இன்னொருவர், இலவச வக்கீல் ஏனோதானோவென்றுதான் நடத்துவார், எதிர்த்தரப்பு காசு கொடுத்தால் சாய்ந்துவிடுவார் என்று பயமுறுத்துகிறார்கள். சித்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு "நமக்கு எதுக்குப்பா கோர்ட்டு" என்று உட்கார்ந்துவிட்டார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இதை நம்பி இறங்கலாமா? வழக்கைத் திருப்பூரில் போட வேண்டுமா, இங்கேயே போடலாமா?


வைகைக்கரை வக்கீல் எழுதியது:

நான் பல வருடமாக, இந்த இலவச உதவியைக் கொடுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர். சொந்த வழக்குகளும் நடத்துகிறேன், ஆணைக்குழு கொடுக்கும் வழக்குகளும் நடத்துகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

முதலில் அந்த வருமானச் சான்று விஷயம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு யாருக்கெல்லாம் இலவச உதவி என்று சொல்கிறது. அதில் பெண்கள், குழந்தைகள் என்று தனியாகவே இருக்கிறது. உங்கள் சித்தி ஒரு பெண், அது ஒன்றே போதும். சாதி, வருமானம், சொந்த வீடு எதுவும் கேள்வியில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், சாதிக் கொடுமைக்கோ வெள்ளம் போன்ற பேரிடருக்கோ ஆளானவர்கள், போலீஸ் காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், கொத்தடிமையாகவோ ஆள் கடத்தலிலோ சிக்கியவர்கள், இவர்களுக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள். இதில் எதிலும் வராத ஒருவருக்குத்தான் வருமான வரம்பு, நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 3 லட்சம். அதற்கும் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே போதும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வருமானச் சான்று இல்லாமல் வந்தாய் என்று யாராவது ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அது சட்டத்துக்கு எதிரானது.

எங்கே போவது? உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிபதி அதன் தலைவர், அன்றாட நிர்வாகம் பார்க்கும் செயலாளரும் ஒரு நீதிபதிதான். இது முக்கியம், பின்னால் சொல்கிறேன். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கே இருப்பவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. மனு கொடுத்த 7 நாளுக்குள் உதவி உண்டா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. வக்கீல் பீஸ் மட்டும் இல்லை, கோர்ட் பீஸ், டைப்பிங், நகல் எடுக்கும் செலவு எல்லாமே ஆணைக்குழுவின் பொறுப்பு. நியமித்த வக்கீல் உங்களிடம் கை நீட்டக் கூடாது. "குமாஸ்தாவுக்கு மட்டும் ஏதாவது" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள், நேராகச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

அடுத்து வழக்கு. ஜீவனாம்சத்துக்குப் பழைய 125 என்று ஊரில் சொல்வார்களே, 2024 ஜூலையிலிருந்து அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவு. மனைவி வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், திருப்பூர் போக வேண்டியதே இல்லை. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் நடுவர் நீதிமன்றத்தில். வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, கூடவே இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் மனு போட வேண்டும். அவருக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 60 நாளுக்குள் கூடுமானவரை அதை முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும்தான். ஆனால் உங்கள் வக்கீல் அந்த வரியை எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தால் நகரும்.

அவருக்கு என்ன வருமானம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பெரும்பாலான பெண்கள் இங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். 2020-இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி செய்துவிட்டது. இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்குப் படிவமே கொடுத்திருக்கிறார்கள். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். அதனால் தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் சித்திக்கு நஷ்டம். வேலை இல்லை, வருமானம் இல்லை என்று அவர் சொன்னாலும் எடுபடாது. உடம்பில் தெம்புள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கிலும் சொல்லியிருக்கிறார்கள். சித்தி கூலிக்குப் போகிறார் என்பதாலும் உரிமை போய்விடாது. கிடைக்கிற கூலி குடும்பத்துக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

ஒன்றை மட்டும் அவசரமாகக் கவனியுங்கள். மூத்த பெண் பிளஸ் டூ என்கிறீர்கள். இந்தப் பிரிவில் பிள்ளைகளுக்குப் பொதுவாக 18 வயது வரைதான். அதற்கு மேல், மணமாகாத மகள் என்ற முறையில் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் கேட்கலாம், ஆனால் அது தனி வழக்கு. வக்கீலிடம் முதல் நாளே மகளின் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, அந்த சிஎஸ்ஆர் ரசீது, அவர் முன்பு பணம் அனுப்பியதற்கான பாஸ்புக். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை என்றால் அதற்காகப் பயப்பட வேண்டாம். திருப்பூரில் எந்தக் கம்பெனி, எந்தத் தெரு என்று விசாரித்து வையுங்கள். சம்மன் சேர்வதற்கு முகவரிதான் உயிர்.


கரிசல் 74 எழுதியது:

மேடம் சொல்வதெல்லாம் சட்டப் புத்தகத்தில் சரி. என் தங்கைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. இலவச வக்கீல் கொடுத்தார்கள். மனு நன்றாகத்தான் போட்டார். அப்புறம் வாய்தாவுக்கு வரமாட்டார், போன் எடுக்க மாட்டார், ஜூனியர் யாராவது வந்து தேதி வாங்கிக்கொண்டு போவார். தங்கை கைப்பிள்ளையோடு காலையிலிருந்து வராந்தாவில் நின்றுவிட்டு, சாயந்தரம் அடுத்த தேதியைத் தெரிந்துகொண்டு திரும்புவாள். கடைசியில் தரப்பு ஆஜராகவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், அது எங்களுக்குத் தெரிந்ததே ரொம்ப நாள் கழித்துத்தான். பிறகு கடன் வாங்கி வேறு வக்கீல் வைத்து வழக்கை மறுபடி எடுத்தோம்.

நான் அந்த வக்கீலை மட்டும் குறை சொல்லவில்லை. இந்த வழக்குகளுக்கு அவர்களுக்குக் கொடுக்கும் தொகை மிகக் குறைவு, அதுவும் எப்போது வரும் என்று தெரியாது என்கிறார்கள். அப்படிக் கொடுத்துவிட்டு நல்ல வேலையை எதிர்பார்த்தால் எப்படி? ஏழைக்குக் கொடுக்கும் வக்கீல் இரண்டாந்தரமாக இருந்தால் போதும் என்று அரசாங்கமே நினைப்பது போலத்தான் இருக்கிறது. உரிமை என்று எழுதி வைத்தால் மட்டும் ஆச்சா? முல்லையாறு, முடிந்தால் கடன் வாங்கியாவது தனி வக்கீல் வையுங்கள் என்பதுதான் என் கருத்து.


வைகைக்கரை வக்கீல் எழுதியது:

கரிசல், உங்கள் தங்கைக்கு நடந்தது அநியாயம், அதை நான் மறுக்கப் போவதில்லை. தொகை குறைவு என்பதும் உண்மை. அனுபவமுள்ள பலர் பட்டியலில் பெயர் கொடுக்கவே தயங்குவதற்கு அதுதான் காரணம். பட்டியல் வக்கீலுக்குக் கௌரவமான தொகையை நேரத்துக்குக் கொடுக்காமல் இதைச் சரிசெய்யவே முடியாது என்று நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கடன் வாங்கச் சொல்வதை ஏற்க மாட்டேன். காசு கொடுத்து வைத்த வக்கீலும் வராமல் போவதுண்டு, அப்போது நீங்கள் யாரிடம் முறையிடுவீர்கள்? இங்கே முறையிட ஓர் இடம் இருக்கிறது. செயலாளர் ஒரு நீதிபதி என்று முன்னால் சொன்னேன் இல்லையா, அதற்காகத்தான். வக்கீல் தொடர்ந்து வரவில்லை என்றால் தேதி போட்டு எழுத்தில் மனு கொடுங்கள், வேறு வக்கீலை நியமிக்கக் கேளுங்கள். இப்படி நியமிக்கப்பட்ட வழக்குகள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதற்கே ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. யாரும் புகார் கொடுக்காததால் பல இடங்களில் அந்தக் குழுவுக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று வக்கீலிடம் மட்டும் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். எண் ஆனதும் ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்று 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் கிடைக்கும். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, அன்று என்ன நடந்தது எல்லாம் தெரியும். முல்லையாறு, இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் வாராவாரம் பார்த்தாலே ஆஜராகாமல் தள்ளுபடி என்ற பேச்சுக்கு இடமில்லை.


பேரையூரான் எழுதியது:

நான் பாரா லீகல் வாலண்டியராக இருக்கிறேன், வக்கீல் கிடையாது. 2009-இல் கொண்டுவந்த திட்டம் இது. எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மக்களை ஆணைக்குழுவோடு இணைத்துவிடச் சொல்கிறார்கள். மேலே பேசியதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வக்கீல் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் கோர்ட் வாசலை மிதித்த பிறகு வரும் பிரச்சனை. நான் பார்க்கிற பெண்களில் பலர் வாசல் வரைக்கும் வருவதே இல்லை. ஏன்? ஒரு நாள் கூலி, பஸ் செலவு, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைக்குச் சாப்பாடு, மாமியார் வீட்டுக் கேள்வி, "கோர்ட்டுக்குப் போனவ" என்ற பெயர். முல்லையாறின் சித்தி விடியுமுன் ஜீப் ஏறி இருட்டில் திரும்புகிறார். ஆணைக்குழு அலுவலகம் திறந்திருப்பது அந்த இடைப்பட்ட நேரத்தில்தான். இலவசம் என்று நாம் சொல்கிறோம், அந்த அம்மாவுக்கு அது இலவசமே இல்லை. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம்.

1973-இல் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு சட்ட உதவி பற்றிக் கொடுத்த அறிக்கையிலேயே, சட்டம் மக்களைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. பிறகு 1976-இல் அரசியலமைப்பில் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று. 1987-இல் சட்டம் போட்டார்கள், அது நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதனால்தான் வருடாவருடம் அந்தத் தேதியில் சட்டப் பணிகள் தினம் என்று முகாம் நடத்துகிறோம். முகாமில் நோட்டீஸ் கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். ஆனால் முகாம் நடப்பது வேலை நாளில், ஏதாவது பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ. தோட்டத்துக்குப் போகும் பெண் அதற்கு எப்படி வருவாள்? ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஊர்ச் சாவடியில் உட்காருங்கள், ஜீப் நிற்கும் இடத்தில் உட்காருங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பகுதியில் மட்டும் ஞாயிறு மாலை உட்கார ஆரம்பித்திருக்கிறோம். கிணற்றடியில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசினால்தான் பெண்கள் வாய் திறக்கிறார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்று வருகிற அம்மா, பேச்சோடு பேச்சாக வீட்டில் அடி வாங்குவதைச் சொல்கிறார்.

நடைமுறையாக ஒன்று சொல்கிறேன் முல்லையாறு. முதல் மனுவைச் சித்தியே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று இல்லை. 15100-க்கு அழைத்தோ, நால்சா எனும் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இணையதளம் வழியாகவோ, தபாலிலோ அனுப்பலாம். உங்கள் பகுதி வாலண்டியர் யார் என்று தாலுகாக் குழுவில் கேட்டால் சொல்வார்கள், அவரையே ஊருக்கு வரச் சொல்லுங்கள். சித்தி கோர்ட்டுக்கு வர வேண்டிய நாட்கள் எவை, வரத் தேவையில்லாத நாட்கள் எவை என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா வாய்தாவுக்கும் வந்து நிற்கத் தேவையில்லை, பலருக்கு இது தெரியாமல் வீணாகக் கூலியை இழக்கிறார்கள்.

அடி, மிரட்டல் ஏதாவது இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பணம் கொடுக்காமல் பட்டினி போடுவதும் வன்முறைதான். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 181-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.


தறிநெய் எழுதியது:

பேச்சு ஜீவனாம்சத்தில் இருக்கிறது, ஆனாலும் இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். என் தம்பியை ஓர் அடிதடி வழக்கில் ரிமாண்ட் செய்தார்கள். அப்பா இல்லை, எனக்கு விசைத்தறிக் கூலி. எங்களிடம் யாரும் இலவச வக்கீல் உண்டு என்று சொல்லவே இல்லை. சிறையில் உடன் இருந்த ஒருவர்தான் தம்பியிடம் சொன்னாராம், உள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கிறது, மனு எழுதிக் கொடு என்று. கொடுத்தான். வந்த வக்கீல் பெண், சின்ன வயது. ஜாமீன் மனுவை அவரே போட்டு, ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடியபோது நிபந்தனையைத் தளர்த்தவும் மனு போட்டார். ஒரு டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அவர்தான் விளக்கினார். கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக 2022-இலிருந்து முழுநேர வக்கீல்களை மாவட்டங்களில் நியமிக்க ஆரம்பித்திருக்கிறார்கள், சொந்த வழக்கு எடுக்காமல் இதையே வேலையாகப் பார்க்கிறவர்கள். மாதச் சம்பளம் என்பதால் வாய்தாவுக்கு வருகிறார்கள். கரிசல் அண்ணன் சொன்ன குறைக்கு இது ஓரளவு பதில். சிவில், குடும்ப வழக்குக்கும் இப்படி முழுநேர ஆள் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் அவர் சொன்னது மனதில் நிற்கிறது. 1986-இல் சுக் தாஸ் என்பவரின் வழக்கு, அருணாசலப் பிரதேசம். வக்கீல் இல்லாமலேயே விசாரித்துத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அவர் வக்கீல் வேண்டும் என்று கேட்கவில்லையே என்று வாதிட்டார்கள். கேட்கத் தெரியாதவனிடம் நீ கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, உனக்கு இந்த உரிமை உண்டு என்று நீதிபதிதான் சொல்லியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அதற்கு முன்பே 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் வருடக்கணக்கில் கிடந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கு. அவர்களில் பலர், குற்றம் நிரூபிக்கப்பட்டால் கிடைக்கும் தண்டனையை விட அதிக காலம் உள்ளே இருந்துவிட்டார்கள். இவ்வளவு தீர்ப்பு வந்த பிறகும் என் தம்பிக்குச் சக கைதிதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கைது செய்யும்போதே குடும்பத்துக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?


முல்லையாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சித்தி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். பெண் என்றால் அதுவே போதும் என்ற இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். மகள்தான் முதலில் ஒத்துக்கொண்டாள், "அம்மா, கேஸ் போடு" என்று. 15100-க்கு அழைத்தோம், விவரம் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் தாலுகாக் குழுவில் நேரிலும் மனு கொடுக்கப் போகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். கோர்ட்டுக்குப் போனால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துச் சமாதானமாகப் போகச் சொல்வார்கள், குறைந்த தொகைக்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்கிறார். உண்மையா? அடுத்தது, ஜீவனாம்சம் என்று ஆர்டர் ஆகியும் அவர் கொடுக்கவே இல்லை என்றால்? திருப்பூரில் அறை மாற்றிக்கொண்டே இருப்பவரை எங்கே போய்ப் பிடிப்பது?


வைகைக்கரை வக்கீல் எழுதியது:

அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

மக்கள் நீதிமன்றம் நல்ல ஏற்பாடுதான், விபத்து இழப்பீடு, செக் வழக்கு, வங்கிக் கடன் போன்றவற்றில் நிறையப் பேருக்குச் சீக்கிரம் முடிவு கிடைக்கிறது, கட்டிய கோர்ட் பீஸும் திரும்ப வரும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், சித்திக்குச் சம்மதம் இல்லாமல் ஒரு பேப்பரிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே முடிக்க முடியும். "எனக்கு இது ஒத்துவரவில்லை, வழக்கு கோர்ட்டிலேயே நடக்கட்டும்" என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, அப்படிச் சொன்னால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே வந்துவிடும். யாரும் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாருடைய வங்கிக் கணக்கில் என்று தெளிவாக எழுதாத சமாதானத்துக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. "வந்து என்னோடு சேர்ந்து வாழட்டும், பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொல்லிப் பார்ப்பார், நிறைய ஆண்கள் சொல்கிறார்கள். வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாலோ, சேர்த்து வைத்துக்கொண்டாலோ மனைவி சேர்ந்து வாழ மறுப்பதற்கு அதுவே நியாயமான காரணம் என்று 144-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அவர் அழைத்தும் சித்தி போகவில்லை என்பதற்காக ஜீவனாம்சம் நின்றுவிடாது.

சம்மனை வேண்டுமென்றே வாங்காமல் ஓடினால் அவர் இல்லாமலேயே விசாரித்து உத்தரவு போடலாம். பிறகு அவர் வந்து மாற்றக் கேட்பதற்கு 3 மாதம் அவகாசம், அதுவும் நல்ல காரணம் காட்டினால்தான்.

உத்தரவுக்குப் பிறகு கொடுக்கவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். கொடுக்க வேண்டிய தொகையை அபராதம் வசூலிப்பது போல வசூலிக்க வாரண்ட் போடலாம். அப்படியும் கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய்விட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை, பாக்கி பாக்கிதான். இதில் பெண்கள் ஏமாந்து போகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தொகையும் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இந்த மனுவைப் போட்டாக வேண்டும். எப்படியும் தருவார் என்று இரண்டு மூன்று வருடம் காத்திருந்துவிட்டு வருபவர்களுக்குப் பழைய பாக்கியை இந்த வழியில் வாங்கித் தர முடியாமல் நான் கஷ்டப்பட்டிருக்கிறேன். இரண்டு மாதம் வரவில்லை என்றாலே வாருங்கள். நிறைவேற்று மனுவுக்கும் இலவச வக்கீல் உண்டு, முதல் வழக்கோடு உதவி முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவர் கம்பெனியில் பி.எஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று விசாரியுங்கள். பிடித்தால் அவர் எங்கே வேலை செய்கிறார், என்ன சம்பளம் என்பதை மறைக்க முடியாது, சம்பளத்திலிருந்தே பிடித்துத் தரக் கேட்கவும் வழி இருக்கிறது. பீஸ் ரேட்டில் வேலை என்றால் கஷ்டம்தான், அங்கே கூட வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவரையாவது பிடித்து வையுங்கள்.


கரிசல் 74 எழுதியது:

தங்கையின் வழக்கில் நிறைவேற்று மனுவுக்கு ஒரு வருடக் கெடு இருப்பது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. போன தீபாவளியிலிருந்து அவன் கொடுக்கவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது. மேடம், தனி வக்கீல் வைத்து நடத்திய வழக்குக்கு இப்போது ஆணைக்குழுவில் வக்கீல் கேட்கலாமா?


வைகைக்கரை வக்கீல் எழுதியது:

தாராளமாகக் கேட்கலாம். எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். உத்தரவின் சான்றிட்ட நகலோடு தங்கையை மாவட்ட ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். முந்தைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க முடிந்தால் நல்லது, அவர் இழுத்தடித்தால் அதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். முதலில் நடந்த குளறுபடியையும் தேதியோடு எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனு வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.